இரவல் குரலில் பேசிய திருடர்கள்: இத்தாலியக் களவு நகைச்சுவைப் படமொன்றில் வட்டாரப் பன்மையும் பிரதிநிதித்துவமும்

கூட்டாகத் திட்டமிட்டுத் திருடப்போய்த் தோற்றுத் திரும்புவோரைப் பற்றிய நகைச்சுவைப் படங்கள் இன்று உலகெங்கும் எடுக்கப்படுகின்றன. அவ்வகைக்கு வழிகாட்டிய படங்களுள் ஒன்று 1958ஆம் ஆண்டு இத்தாலியில் வெளிவந்த ‘இ சொலித்தி இஞோத்தி’ ஆகும். மாரியோ மோனிச்செல்லி இயக்கிய இப்படத்தின் தலைப்பை ‘வழக்கமான அடையாளம் தெரியாதோர்’ எனத் தமிழாக்கலாம். திருடர் அகப்படாத திருட்டுகளைப் பற்றி எழுதும்போது அந்நாட்டு நாளேடுகள் கையாண்டுவந்த தேய்ந்த தொடர் அது. ஆங்கிலத்தில் படத்திற்கு இடப்பட்ட பெயர் ஒரு தெருவின் பெயரைப் பிடித்துக்கொண்டதால், மூலத் தலைப்பிலிருந்த குத்தல் அதில் மறைந்துபோயிற்று.

கதை எளியது. உரோம் நகரின் சில்லறைத் திருடர் ஐவர், ஓர் அடகுக்கடையின் இரும்புப் பெட்டகத்தை உடைக்கத் திட்டமிடுகின்றனர். கடையை ஒட்டிய வீட்டின் சுவரைத் துளைத்தால் பெட்டகத்தை அடையலாம் என்பது கணக்கு. ஒருவன் விலகிவிட, எஞ்சிய நால்வர் இரவெல்லாம் பாடுபட்டுச் சுவரைத் துளைக்கின்றனர். சுவருக்கு அப்பால் இருப்பது அதே வீட்டின் சமையலறை. அங்கே மீந்திருந்த கொண்டைக்கடலையும் பாஸ்தாவும் கலந்த உணவை உண்டுவிட்டு வெறுங்கையுடன் திரும்புகின்றனர். 1955இல் வந்த ‘ரிஃபிஃபி’ என்னும் பிரெஞ்சுப் படத்தில் வாய்திறவாமல் நுட்பமாக நிகழ்த்தப்பட்ட களவுக் காட்சியை எள்ளும் நோக்கம் இதற்கு உண்டு. ஆயினும் வெறும் எள்ளல் படமாக மட்டும் இது நின்றுவிடவில்லை. ஆஸ்கார் விருதின் அயல்மொழிப் பட வரிசைக்கு இது முன்மொழியப்பட்டது. இத்தாலிய நகைச்சுவை மரபு எனப் பின்னர்ப் பெயர்பெற்ற ஒரு நெடிய வரிசையின் தொடக்கமாகவும் இதனைக் கொள்வர்.

இப்படத்தின் திருடர்கள் இத்தாலியின் வெவ்வேறு வட்டாரங்களைச் சேர்ந்தவர்கள். வெவ்வேறு வழக்கில் பேசுகின்றனர். அப்பன்மையே சிரிப்புக்கும் இடமாகிறது. திரையில் தோன்றும் உடல் ஒரு வட்டாரத்தையும், அதிலிருந்து எழும் குரல் வேறொரு வட்டாரத்தையும் சார்ந்திருப்பின் அங்கே யார் யாரைப் பிரதிநிதிப்பதாகக் கொள்வது? பிரதிநிதித்துவம் பற்றிய இக்கால விவாதங்கள் பெரும்பாலும் முகங்களை எண்ணிப் பார்ப்பதோடு அமைந்துவிடுகின்றன. இப்படத்தை முன்னிறுத்தி நாம் இங்கு ஆராய விழைவது குரலை ஆகும்.

பேச்சும் குடியேற்றமும்

இத்தாலி ஒரே அரசாக 1861இல் இணைந்தது. ஒரே மொழி பேசும் நாடாக அன்று அது இல்லை. இணைப்பின்போது பொது இத்தாலியத்தைப் பேசவல்லோர் நூற்றுக்கு 2.5 பேரே என மொழியியலறிஞர் துல்லியோ தெ மாவ்ரோ 1963இல் வெளியிட்ட நூலில் கணித்தார். அக்கணக்கு மிகக் குறைவானது; நூற்றுக்குப் பத்துப்பேரை ஒட்டி இருந்திருக்கலாம் என அர்ரிகோ காஸ்தெல்லானி 1982இல் மறுத்தார். எவ்வெண்ணைக் கொண்டாலும் மிகப் பெரும்பான்மையினர்க்குப் பொதுமொழி பள்ளியில் கற்கவேண்டிய மொழியாகவே இருந்தது. நாட்டுத் தொலைக்காட்சி 1954 சனவரியில்தான் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன்பின் நான்கே ஆண்டுகளில் வந்த நம் படத்தின் பார்வையாளருள் பலர் வீட்டில் ஒரு வழக்கும் வெளியே ஒரு வழக்குமாக வாழ்ந்தவர்கள்.

இதனோடு இணைத்துக் காணவேண்டியது உள்நாட்டுக் குடிபெயர்வு. பாசிச அரசு 1939 சூலையில் இயற்றிய 1092ஆம் எண் சட்டம், 25,000க்கு மேற்பட்ட மக்கள் வாழும் ஊர்களுக்கும் மாவட்டத் தலைநகர்களுக்கும் தொழில் நகர்களுக்கும் குடிபெயர விரும்புவோர் அங்கே தமக்கு வேலை இருப்பதைக் காட்டவேண்டும் என விதித்தது. வேலை பெறவோ வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு வேண்டும். அப்பதிவைப் பெற அவ்வூரில் குடியுரிமைப் பதிவு வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்னும் நம் பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான சட்டம் வேறு கிடைப்பது அரிது. பாசிசம் வீழ்ந்த பின்னும் இச்சட்டம் நீக்கப்படவில்லை; 1961 பெப்ரவரியில்தான் நீங்கியது. இதற்கிடையே மக்கள் நகர்ந்தவண்ணம் இருந்தனர். உரோம் நகரின் மக்கள்தொகை 1951இல் ஏறத்தாழ 16.5 இலட்சமாக இருந்து 1961இல் 21.9 இலட்சமாயிற்று. அவ்வாறு வந்தவருள் பலர் தெருவில் இருந்தனர், பதிவேட்டில் இல்லை. ‘அடையாளம் தெரியாதோர்’ என்னும் தலைப்பைக் காவல்துறையின் வாய்மொழியாக மட்டுமன்றி, நகராட்சிப் பதிவேட்டின் நோக்கிலும் நாம் படித்துப் பார்க்கலாம். படம் அச்சட்டத்தை ஓரிடத்தும் பெயர்சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆயினும் அதன் நிழலில் வாழ்ந்தோர் அரங்கில் அமர்ந்து இப்படத்தைக் கண்டிருப்பர்.

கூட்டத்தில் யார் யார்

உரோம் நகரத்தவனான பெப்பே ஒரு தோற்றுப்போன குத்துச்சண்டை வீரன். இவனாக நடித்த விட்டோரியோ காஸ்மான் அதுவரை அவல நாடகங்களால் பெயர்பெற்றவர். நகைச்சுவைக்கு ஒவ்வார் என்று தயாரிப்பாளர் தயங்கியபோது, ஒப்பனையால் நெற்றியைக் குறுக்கி, திக்குவாயும் சேர்த்து அவரை உருமாற்றினர். புகைப்படக்காரனான தீபெரியோவாக மார்ச்செல்லோ மாஸ்த்ரொயான்னி நடித்தார். இவன் மனைவி கள்ளச் சிகரெட்டு விற்றுச் சிறையில் இருக்கிறாள். கைக்குழந்தையை இவனே வளர்க்கிறான். பெட்டகம் உடைக்கும் கலையை மொட்டைமாடியில் வகுப்பெடுத்துக் கற்பிக்கும் முதியவராக நேப்பிள்சு நகரின் தோத்தோ வருகிறார். அனாதை இல்லத்தில் வளர்ந்த மாரியோவுக்குத் தாய் என அழைக்க மூவர் உள்ளனர். இவர்களுடன் எப்போதும் பசித்திருக்கும் முதியவன் கப்பன்னெல்லேயும் சிசிலியனான மிக்கேலேயும் சேர்கின்றனர்.

திட்டமிடும் இடத்திலெல்லாம் குழந்தை உடனிருப்பதும், களவு நாளன்று அதனைச் சிறையிலுள்ள தாயிடம் ஒப்படைத்துவிட்டு தந்தை திருடப் புறப்படுவதும் இப்படத்திற்கே உரிய சிறப்புகள். திருட்டு இங்கே குடும்பப் பொறுப்புகளுக்கு இடையில் நேரம் ஒதுக்கிச் செய்யவேண்டிய ஒரு வேலை. இதனைக் குடும்பப் படம் என நாம் கருதுவது இப்பொருளில்தான்.

இனிக் குரலைப் பார்ப்போம். கப்பன்னெல்லே வடக்கே பொலோஞா வட்டார வழக்கில் பேசுகிறான். அவனாகத் தோன்றிய கார்லோ பிசாகானே தெற்கே நேப்பிள்சைச் சேர்ந்தவர். பொலோஞாக் குரல் வேறொருவருடையது. சிசிலியன் மிக்கேலேயாக நடித்த தீபெரியோ முர்ஜா சிசிலியரே அல்லர். சார்தீனியத் தீவின் ஒரிஸ்தானோ நகரில் 1929இல் பிறந்தவர். பெல்ஜியத்தில் சுரங்கத் தொழிலாளியாகவும் உரோமில் உணவகமொன்றில் தட்டுக் கழுவுபவராகவும் இருந்தபோது படக்குழுவினர் கண்ணில் பட்டவர். அவருக்கும் சிசிலியக் குரலை வேறு நடிகர் வழங்கினார்.

இது மோனிச்செல்லியின் தனிப்பட்ட விசித்திரம் அன்று. அயல்மொழிப் பேச்சு இடம்பெறும் படங்களைத் திரையிட 1930இல் விதிக்கப்பட்ட தடையால் இத்தாலியில் இரவல் குரல் ஒரு பெருந்தொழிலாக வளர்ந்தது. போருக்குப் பின் சொந்த நாட்டுப் படங்களையும் ஒலியின்றி எடுத்துப் பின்னர்க் குரல் சேர்ப்பது இயல்பாயிற்று. முகத்திற்கு ஒருவர், குரலுக்கு ஒருவர் என்பதில் எவரும் குறைகாணவில்லை. இதற்கு எதிர்நிலையில் நிற்பது லுக்கினோ விஸ்கோந்தியின் ‘லா தெர்ரா த்ரேமா’ (1948). அப்படத்தில் சிசிலியின் ஆச்சி த்ரெட்சா மீனவர்கள் தம் முகத்தோடும் தம் சொந்தப் பேச்சோடும் தோன்றினர். விளைவு, நாட்டின் பிறபகுதியார்க்கு அது புரியாமல் போகவே, இத்தாலியத்தில் விளக்கக் குரல் சேர்க்கவேண்டியிருந்தது. வணிகத்திலும் படம் தோற்றது. உண்மையான சிசிலியப் பேச்சு புரியவில்லை. இரவல் சிசிலியம் நாடெங்கும் சிரிப்பை விளைவித்தது. பத்தாண்டு இடைவெளியில் வந்த இவ்விரு படங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, புரிகின்ற அளவுக்கு மட்டும் வேறுபட்டிருக்க ஒரு வட்டாரத்துக்கு அனுமதி உண்டு என்பது தெளிவாகிறது.

சிரிப்பின் இலக்கணம்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு உரைகண்ட இளம்பூரணர், நகை தோன்றும் இடங்களைத் தொகுத்துரைக்கும் செயிற்றியச் சூத்திரம் ஒன்றை எடுத்துக்காட்டுகிறார். தமிழாசிரியர்கள் நன்கறிந்த அப்பட்டியலில் எளியவன் தன் வலிமை பேசுதல், கல்லாதவன் கல்விபற்றிப் பேசுதல், வேற்று மொழியார் தமிழ் பேசுதல் ஆகியன இடம்பெறுகின்றன. அயலாரின் பேச்சைக் கேட்டு நகைத்தல் எவ்வளவு தொன்மையானது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. எனினும் அப்பட்டியலில் இருவேறு நகைகள் கலந்துள்ளன என்பதை நாம் கவனித்தல் வேண்டும். எளியவன் வலிமை பேசும்போது அவனுடைய பாவனை நகைக்கப்படுகிறது. பாவனையைக் கைவிட்டால் நகைக்கு இடமில்லை. வேற்று மொழியார் பேசும்போதோ அவர் பிறந்த இடமே நகைப்பொருளாகிறது. அதனை அவர் கைவிட இயலாது.

இப்பாகுபாட்டைக் கொண்டு அளந்தால் இப்படத்தின் வலிமையும் குறையும் ஒருங்கே தெரியவரும். பெப்பேயும் தீபெரியோவும் விளைவிக்கும் சிரிப்பு பெரும்பாலும் முதல்வகையினது. களவை அறிவியல் முறைப்படி செய்யப்போவதாக அவர்கள் அடித்துக்கொள்ளும் தம்பட்டமும், திருடிய படக்கருவியால் பெட்டகத்தைப் படம்பிடித்துக் கூட்டாக அமர்ந்து ஆராயும் காட்சியும் கல்லார் கூறும் கல்விக்கு நேர்த்தியான எடுத்துக்காட்டுகள். கப்பன்னெல்லேயின் பசி மூன்றாவதொரு வகை. பொலோஞா நல்லுணவுக்குப் பெயர்பெற்ற ஊர். அவ்வூர்க் குரலில் பேசுகின்ற ஒருவன் எங்கே எது கிடைத்தாலும் வாயில் போட்டுக்கொள்வதில் சிரிப்பும் உண்டு, போர்க்கால வறுமையின் நினைவும் உண்டு. இவர்களிடத்தில் வட்டாரம் ஒரு நிறமாக மட்டுமே நிற்கிறது. மனிதர் அதற்குள் அடங்கிவிடவில்லை.

சிசிலியன் மட்டும் வேறுவகையாகப் படைக்கப்பட்டுள்ளான். அவனைக் கூட்டத்தார் ‘ஃபெர்ரிபோத்தே’ என்றே அழைக்கின்றனர். சிசிலித் தீவுக்கும் நிலப்பகுதிக்கும் இடையே இரயில் பெட்டிகளையே ஏற்றிச்செல்லும் படகுக்கு ஆங்கிலச் சொல்லான ‘ஃபெரி போட்’ தென்னக மக்கள் வாயில் திரிந்து வழங்கிய வடிவம் அது. ஒருவனுக்கு அவன் ஏறிவந்த படகே பெயராகிவிட்டது. கப்பலேறிச் சஞ்சிக்கூலிகளாக வந்த நம் முன்னோரையும் ஊர்ப்பெயராலும் கப்பற்பெயராலும் அடையாளப்படுத்திய வரலாறு மலேசியத் தமிழர்க்குப் புதிதன்று. கறுத்த மீசையும் இறுகிய முகமுமாகத் தோன்றும் இவனுக்குப் படத்தில் உள்ள ஒரே அக்கறை தங்கையின் கற்பு. பிறருக்கு ஆசை, அச்சம், குழந்தை, பசி எனப் பல இருக்க, இவனுக்கு மட்டும் வட்டாரம் ஒன்றே குணமாகிறது. இதனைப் படத்தின் குறை என்றே நாம் கருதுகிறோம்.

அதே வேளையில் அக்குணம் வெறுங்கற்பனையும் அன்று. குடும்ப மானத்தின் பொருட்டு மனைவி, மகள், உடன்பிறந்தாள் ஆகியோரைக் கொன்றவனுக்குத் தண்டனையைக் குறைத்த 587ஆம் பிரிவு அன்று நாடு முழுமைக்குமான குற்றவியல் சட்டத்தில் இருந்தது, 1981இல்தான் நீக்கப்பட்டது. சட்டம் உரோமில் இயற்றப்பட்டது. நகைப்போ சிசிலியன் மீது மட்டும் விழுந்தது. 1961இல் பியேத்ரோ ஜெர்மி இயக்கிய ‘இத்தாலிய முறையில் மணவிலக்கு’ என்னும் படம் இந்தச் சட்டப்பிரிவையே கதையாக்கிச் சாடியது. அப்படத்தின் தலைப்பு ‘இத்தாலிய முறை’ என்று சொன்னதேயன்றிச் ‘சிசிலிய முறை’ என்று சொல்லவில்லை என்பது கருதத்தக்கது.

கார்மெலினாவின் குரல்

ஃபெர்ரிபோத்தே வீட்டில் பூட்டிவைத்துக் காக்கும் தங்கை கார்மெலினாவாக நடித்தவர் கிளாடியா கார்டினாலே. இத்தாலியப் படங்களில் அவருக்கு இதுவே முதற்படம். துனிசியாவில் 1938இல் பிறந்த அவர், அங்குக் குடியேறிய சிசிலிய மரபில் வந்தவர். பள்ளியில் பிரெஞ்சு, தெருவில் துனிசிய அரபு, பெற்றோர் வாயில் சிசிலியம் எனக் கேட்டு வளர்ந்தவர். பொது இத்தாலியம் அவர்க்கு அன்று வரவில்லை. ஆகவே அவருக்கும் இரவல் குரலே சேர்க்கப்பட்டது.

இந்நிலையின் விந்தையைச் சற்று நின்று நோக்குவோம். அண்ணனாக நடித்தவர் சிசிலியை அறியாத சார்தீனியர். தங்கையாக நடித்தவரோ வீட்டிலேயே சிசிலியம் கேட்டு வளர்ந்தவர். முழுப்படத்திலும் சிசிலியப் பெண்ணாகத் தோன்றுவதற்கு உரிமையுடைய ஒருவர் இருந்தாரெனின் அவர் இவரே. ஆயினும் இவருடைய குரலும் திரைக்கு ஆகாததாயிற்று. புலம்பெயர்ந்த மண்ணில் வளர்ந்த பேச்சு, தாய்மண்ணின் திரையில் ஏற்கப்படவில்லை. கதையிலோ கார்மெலினா வாய்பேச அனுமதியின்றிச் சன்னலுக்குப் பின்னால் நிற்பவள். அண்ணன் பூட்டிய கதவுக்குள் பாத்திரமும், ஒலிக்கூடத்தின் கதவுக்கு வெளியே நடிகையும் இருந்தனர். கார்டினாலேயின் சொந்தக் குரல், சற்றே கரகரத்த அக்குரல், இத்தாலியத் திரையில் முதன்முதலாகக் கேட்டது 1963இல் ஃபெலினியின் ‘எட்டரை’ படத்தில்தான். அவ்வாண்டே வெளிவந்த விஸ்கோந்தியின் ‘சிறுத்தை’யில் சிசிலியப் பெண் ஆஞ்செலிக்காவாக அவர் மீண்டும் இரவல் குரலிலேயே பேசினார். 2025இல் அவர் மறைந்தபோது அவரது அழகைப் பற்றி எழுதப்பட்டவை மிகுதி. இதனையும் நினைவுகூர்வது தகும்.

படத்தில் மற்றொரு குடியேறிப் பெண்ணும் உண்டு. வடகிழக்கே வெனெத்தோவிலிருந்து உரோமுக்கு வீட்டுவேலைக்கு வந்த நிக்கொலேத்தா அவள். அக்காலத்தில் உரோமின் வசதியான வீடுகளில் வெனெத்தோப் பணிப்பெண்கள் பரவலாக இருந்தனர். பெப்பே அவளை மயக்கி வீட்டுக்குள் வழிதேட முனைகிறான். கூட்டத்தின் களவுத் திட்டம் முழுவதும் இரு பெண்களின் வாசலைச் சுற்றி நடக்கின்றது எனினும், அவர்கள் திட்டத்தில் பங்குடையவர் அல்லர்.

பின்னர் நிகழ்ந்தவை

முர்ஜாவின் பின்வாழ்வு நம் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையது. இப்படத்தின் வெற்றி அவரை நடிகராக்கியது, சிசிலியராகவும் ஆக்கிவிட்டது. 2010இல் மறையும் வரையிலான தம் திரைவாழ்வில் பெரும்பகுதி அவர் மானம் காக்கும் சிசிலியனாகவே அழைக்கப்பட்டார். 1999இல் இத்தாலி இயற்றிய 482ஆம் எண் சட்டம் பன்னிரண்டு மொழிச் சிறுபான்மையினரை ஏற்றுப் பாதுகாப்பளித்தது. அவற்றுள் சார்தீனியம் இடம்பெற்றது. சிசிலியமும் நேப்பிள்சு வழக்கும் பொலோஞா வழக்கும் இடம்பெறவில்லை. இவ்வகையில், முர்ஜாவின் தாய்மொழி அரசேற்பு பெற்றது. ஆனால் திரை அவரிடம் அதனைக் கேட்டதே இல்லை. அவர் புகழ்பெற்ற மொழிக்கு அவ்வேற்பு கிட்டவில்லை.

அமெரிக்காவில் இக்கதை பலமுறை மறுவார்ப்புப் பெற்றது. 1984இல் லூயி மால் இயக்கிய ‘கிராக்கர்ஸ்’, சான் பிரான்சிஸ்கோவில் பல இனத்தார் கலந்த கூட்டமாக இதனை மாற்றியது. 1986இல் பாப் ஃபாசி பிராட்வே மேடையில் அமைத்த ‘பிக் டீல்’, 1930களின் சிகாகோவில் வாழ்ந்த கறுப்பின மக்களின் கதையாக்கியது. இவற்றின் தரத்தை ஆராய்வது நம் நோக்கமன்று. இத்தாலியில் வட்டார வேறுபாடாக இருந்தது அங்கே இன வேறுபாடாகப் பெயர்ந்தது என்பதை மட்டும் குறித்து மேற்செல்வோம். பன்மையைக் காதால் உணர்த்திய கதை, கண்ணால் காட்டும் கதையாயிற்று.

மூலப்படத்தின் இறுதிக்காட்சியில் விடியற்பொழுதில் காவலரைக் கண்டு அஞ்சிய பெப்பேயும் கப்பன்னெல்லேயும், கட்டுமானத் தளத்தில் வேலைக்கு நிற்கும் கூட்டத்துள் புகுந்துகொள்கின்றனர். கூட்டம் நகர, பெப்பே வாயிலுக்குள் தள்ளப்பட்டுத் தொழிலாளியாகிவிடுகிறான். முதியவன் வெளியே நின்று அவனை எச்சரிக்கிறான். பலரும் இதனைச் சோம்பேறிக்கு நேர்ந்த தண்டனை என்னும் நகைச்சுவையாகவே விளக்குவர். அவ்விடத்தில் முண்டியடிப்போரின் முகங்களையும் நாம் பார்க்கவேண்டும். வளர்ந்துவந்த உரோமின் அடுக்குமாடிகளைக் கட்டியவருள் பலர் தெற்கிலிருந்து வந்தவர்கள்.  

இப்படத்தை வகுப்பில் காட்ட விரும்பும் ஆசிரியர்க்கு ஒரு செய்தி. நமக்குக் கிட்டும் குறுந்தட்டுகளில் உள்ள ஆங்கில வசனவரிகள் பொலோஞா, உரோம், சிசிலி, வெனெத்தோ ஆகிய அத்தனை வழக்குகளையும் ஒரே சீரான ஆங்கிலமாக்கிவிடுகின்றன. வரிகளை மறைத்துவிட்டு, மொட்டைமாடிக் காட்சியை முதலில் ஒலியாக மட்டும் கேட்கச் செய்தல் நன்று. மொழி புரியாத மாணவர்க்கும் அங்குப் பேசுவோர் ஒரே ஊரார் அல்லர் என்பது சில நிமிடங்களில் பிடிபட்டுவிடும்.